வலையின் கண் எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும்?

கணினியில் பொறியியல் கணிப்புச் செய்யும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களுள் ஐந்து, வெவ்வேறு ஊர்களிலிருந்து வெவ்வேறு வேலைகளைப் பற்றி எழுதப்பட்டிருந்தாலும், ஒரே ஐயத்தையே எழுப்புகின்றன. ஆகவே இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கணிப்புக்காக ஒரு பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் அமைப்பை, எல்லாரும் 'மெஷ்' என்று சொல்வதை, கண்ணிவலை என்றும், அதன் ஒவ்வொரு துண்டையும் மூலகம் என்றும், மூலகங்கள் சந்திக்கும் புள்ளியைக் கணு என்றும் குறிப்பிடுகிறேன். தகைப்பு என்பது பொருளினுள் ஓரலகுப் பரப்பில் தாங்கப்படும் விசை.

கேள்வி: ஐயா, நான் இரும்பு வேலைப் பட்டறை நடத்துகிறேன். கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் மோட்டரைச் சுவரோடு பொருத்துவதற்கு, தடித்த உருக்குத் தகட்டிலிருந்து 'எல்' வடிவத் தாங்கி ஒன்றை வெட்டியெடுக்க எண்ணியுள்ளேன். நிமிர்ந்த பக்கம் சுவரில் போல்ற் இட்டுப் பூட்டப்படும். அதன் அடியிலிருந்து நீளும் கிடைப் பக்கத்தில் மோட்டர் அமரும். மகன் ஃபிரீகாட் மென்பொருளில் இதைக் கணித்தான். மூலகத்தின் அளவு 5 மில்லிமீற்றராக இருந்தபோது உள்மூலையில் தகைப்பு 118 மெகாபஸ்கால் வந்தது. 2.5 மில்லிமீற்றராக்கியபோது 162, 1.25 ஆக்கியபோது 222. இந்த உருக்கு 250 வரைதான் தாங்கும் என்கிறார்கள். எந்த எண்ணை நம்புவது? தாங்கி உடையுமா?
வாசகர், கோப்பாய்

பதில்: நீங்கள் மூன்று அளவுகளில் கணித்துப் பார்த்ததே பெரிய காரியம். ஒரே அளவில் ஒரு தடவை கணித்து, 118 என்று வந்ததும் மனம் நிறைந்து தகட்டை வெட்டியிருந்தால் இக்கேள்வியே எழுந்திருக்காது.

இப்போது 162 ஐ 118 ஆல் வகுத்துப் பாருங்கள். பின்பு 222 ஐ 162 ஆல் வகுத்துப் பாருங்கள். இரண்டு தடவையும் 1.37 வருகிறது. இது தற்செயலாக வந்த எண் அன்று. உங்கள் வரைபடத்தில் உள்மூலை, வளைவு எதுவுமின்றிக் கூரிய செங்கோணமாக வரையப்பட்டிருக்கிறது. அத்தகைய மூலையை நெருங்க நெருங்கத் தகைப்பு எவ்வாறு ஏறும் என்பதை 1952 இல் வில்லியம்ஸ் என்பவர் கணிதமுறையில் காட்டினார். 270 பாகை உலோகமும் 90 பாகை வெறுமையும் கொண்ட மூலையில், மூலையிலிருந்து உள்ள தூரம் அரைவாசியாகும் ஒவ்வொரு தடவையும் தகைப்பு ஏறத்தாழ 1.37 மடங்காகிறது. மூலகத்தை அரைவாசியாக்கும்போது மென்பொருள் மூலைக்கு இரு மடங்கு நெருங்கிச் சென்று அளக்கிறது, அவ்வளவே நடந்தது. அடுத்த தடவை 304 வரும், அதற்கடுத்த தடவை 417 வரும். அதற்கு முடிவே இல்லை, ஏனெனில் அந்தக் கூரிய மூலையில் தகைப்பு கணிதப்படி முடிவிலி. தாங்கி பலவீனமானது என்பதற்கு இந்த ஏற்றம் சான்றாகாது; பலமானது என்பதற்கு முதலில் வந்த 118 உம் சான்றாகாது.

குருநகரில் வலை வாங்கப் போகிறவர் கடலின் அகலத்தைப் பார்த்து வலையின் கண்ணைத் தீர்மானிப்பதில்லை. சூடைக்கா, அறுக்குளாவுக்கா என்று பார்த்தே தீர்மானிக்கிறார். கணிப்பிலும் அப்படித்தான். ஒவ்வொரு கணக்குக்குள்ளும் அதற்கே உரிய ஒரு நீளம் இருக்கிறது. பொருளின் முழு நீளத்தை விட்டுவிடுங்கள். தகைப்போ வெப்பமோ வேகமோ குறிப்பிடத்தக்க அளவு மாறுவதற்கு எவ்வளவு தூரம் எடுக்கிறது என்பதே அந்த நீளம். மூலகத்தின் அளவை அதனோடுதான் ஒப்பிட வேண்டும். கூரிய மூலைக்கோ அப்படியொரு நீளம் கிடையாது. ஆகையால் எத்தனை சிறிய மூலகமும் அதற்குப் போதாது.

அந்த நீளத்தை மூலைக்குக் கொடுப்பது உங்கள் கையிலேயே இருக்கிறது. உண்மையில் எந்தத் தகட்டையும் ஆரை பூச்சியமாக வெட்ட முடியாது. உள்மூலையை 6 மில்லிமீற்றர் ஆரையுள்ள வளைவாக வரையுங்கள். பட்டறையிலும் அவ்வாறே வெட்டுங்கள். அந்தக் கால்வட்டத்தின் நீளம் 9.4 மில்லிமீற்றர். அதில் எட்டு மூலகங்கள் அமருமாறு வைத்தால் ஒவ்வொன்றும் 1.2 மில்லிமீற்றரளவில் இருக்கும். அதன் பின்னர் மூலகத்தை அரைவாசியாக்கினால் தகைப்பு முன்போல் ஏறாமல், சில வீதத்துக்குள் அசைந்து ஓரிடத்தில் நிலைக்கும். அவ்வாறு நிலைத்த எண்ணையே 250 உடன் ஒப்பிட வேண்டும். மோட்டர் நாள்தோறும் அதிர்வதால், 250 ஐத் தாண்டாவிட்டாலும் பல்லாயிரம் அதிர்வுகளின் பின்னர் வெடிப்பு விழும் வாய்ப்பையும் கவனிக்க வேண்டும். வெடிப்பு தொடங்கும் இடமும் இந்த உள்மூலைதான்.

தகட்டை வெட்டாமல் இரண்டு துண்டுகளை வெல்டிங் செய்து இணைக்கப் போகிறீர்களாயின் வழி வேறு. வெல்டிங் ஓரத்தின் வளைவு இடத்துக்கிடம் மாறுவதால் அதை வரைந்து பயனில்லை. சர்வதேச வெல்டிங் நிறுவனத்தின் பரிந்துரைகளில், ஓரத்தில் வரும் எண்ணை ஒதுக்கிவிட்டு, தகட்டுத் தடிப்பின் 0.4 மடங்கு தூரத்திலும் 1 மடங்கு தூரத்திலும் தகைப்பை வாசித்து, அவ்விரண்டையும் நேர்கோட்டில் ஓரம் வரை நீட்டிப் பெறும் முறை ஒன்று உண்டு. அங்கே கணக்குக்கு உரிய நீளமாக நிற்பது தகட்டின் தடிப்பு.

இன்னுமொன்று. கிடைப் பக்கத்தின் நுனி எவ்வளவு தாழ்கிறது என்பதை மட்டும் அறிய விரும்பினால் கூரிய மூலையை அப்படியே விடலாம். தாழ்வின் அளவு அந்த மூலையால் குழம்பாது. மூன்று கணிப்பிலும் வந்த தாழ்வை மகனிடம் கேட்டுப் பாருங்கள், ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்.

கேள்வி: நான் கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் பயில்கிறேன். 200 மில்லிமீற்றர் நீளமும் 100 அகலமும் 10 தடிப்பும் உள்ள உருக்குப் பலகையின் நடுவில் 20 மில்லிமீற்றர் விட்டமுள்ள துளை. இரு பக்கமும் இழுக்கப்படுகிறது. முழுவதும் 1 மில்லிமீற்றர் நான்முகிகளால் நிரப்ப முயன்றபோது 8 கிகாபைற் நினைவகம் கொண்ட என் மடிக்கணினி உறைந்துவிட்டது. 5 மில்லிமீற்றரில் விரைவாக முடிகிறது, ஆனால் விடை குறைவாக வருகிறது. நல்ல கணினி இல்லாதவர்கள் இதைச் செய்ய முடியாதா?
மாணவி, கிளிநொச்சி

பதில்: முடியும். இக்கணக்கை உங்கள் மடிக்கணினி தாங்கும்.

முதலில் 5 மில்லிமீற்றரில் விடை ஏன் குறைந்தது என்பதைப் பார்ப்போம். துளையுள்ள பலகையின் தகைப்பை 1898 இலேயே கிர்ஷ் தீர்த்துவிட்டார். பலகை முடிவற்ற அகலம் கொண்டதாயின், இழுக்கும் திசைக்குச் செங்குத்தான பக்கத்தில், துளையின் விளிம்பில் தகைப்பு தூரத்தில் உள்ளதன் சரியாக 3 மடங்கு. விளிம்பிலிருந்து 2.5 மில்லிமீற்றர் விலகியதும் அது 1.93 மடங்காக விழுந்துவிடுகிறது. 5 மில்லிமீற்றரில் 1.52, 10 மில்லிமீற்றரில் 1.22. அதாவது நீங்கள் வைத்த ஒரேயொரு மூலகத்துக்குள் தகைப்பு 3 இலிருந்து 1.52 வரை சரிகிறது. எளிய நான்கு கணு நான்முகியோ தன்னுள் ஒரேயொரு தகைப்பை மட்டுமே வைத்திருக்கக்கூடியது. இந்தச் சரிவின் சராசரியை எடுத்தால் 2.04 வரும். மூன்றில் ஒரு பங்கு தொலைந்துபோன இடம் அதுதான். 1 மில்லிமீற்றர் மூலகத்துக்கு அதே சராசரி 2.7 ஆகிறது. இங்கே கணக்குக்கு உரிய நீளம் துளையின் ஆரை, 10 மில்லிமீற்றர். (உங்கள் பலகையில் துளை அகலத்தின் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதால் சரியான விடை 3 ஐ விடச் சற்றுக் கூடி, 3.14 அளவில் இருக்கும்.)

இனி எண்ணிக்கை. 1 மில்லிமீற்றர் விளிம்புள்ள ஒழுங்கான நான்முகியின் கனவளவு 0.118 கன மில்லிமீற்றர். உங்கள் பலகையின் கனவளவு ஏறத்தாழ 2 இலட்சம் கன மில்லிமீற்றர். ஆகவே 17 இலட்சம் மூலகங்கள் தேவைப்படும். அளவை மேலும் அரைவாசியாக்கினால், மூன்று திசையிலும் இரட்டிப்பதால், அது எட்டு மடங்காகும். மடிக்கணினி உறைந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்தப் 17 இலட்சத்தில் பெரும்பகுதி, தகைப்பு மாறாத பரந்த வெளியில் வீணாகக் கிடக்கிறது. துளையைச் சுற்றி 5 மில்லிமீற்றர் அகலமான வளையத்தில் மட்டும் 1 மில்லிமீற்றர் வையுங்கள். அதன் வெளியே படிப்படியாகப் பெருக்கி 5 மில்லிமீற்றரில் நிறுத்துங்கள். கையால் கணித்துப் பார்த்தேன்: வளையத்தில் சுமார் 33 ஆயிரம், மாறும் பகுதியில் சுமார் 18 ஆயிரம், மிகுதியில் 12 ஆயிரத்துக்குள். எல்லாம் சேர்ந்து 63 ஆயிரத்தளவில் முடிகிறது. விளிம்பில் கிடைக்கும் துல்லியம் அதேதான்.

மாறும் பகுதி எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. அடுத்தடுத்த மூலகங்கள் 1.25 மடங்குக்கு மேல் பெருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால், பெரிய அளவிலிருந்து சிறிய அளவைக் கழித்து 0.25 ஆல் வகுத்தால் வேண்டிய தூரம் கிடைத்துவிடும். 5 இலிருந்து 1 ஐக் கழித்தால் 4, 0.25 ஆல் வகுத்தால் 16 மில்லிமீற்றர். இலவசமாகக் கிடைக்கும் ஜிமெஷ் மென்பொருளில் இதை நேரடியாகச் சொல்லலாம். துளையின் விளிம்பிலிருந்து தூரத்தை அளக்கும் 'டிஸ்டன்ஸ்' புலம் ஒன்றையும், அந்தத் தூரத்தை அளவாக மாற்றும் 'த்ரெஷோல்ட்' புலம் ஒன்றையும் அமையுங்கள். சிறிய அளவு 1, பெரிய அளவு 5, முதல் தூரம் 5, முடியும் தூரம் 21.

இவ்விடத்தில் பலர் இடறுகிறார்கள். ஜிமெஷ் பல இடங்களிலிருந்து அளவுக் கட்டளைகளைப் பெறுகிறது: புள்ளிகளில் நீங்கள் எழுதியது, வளைவிலிருந்து அது தானாகக் கணித்தது, புலத்தில் நீங்கள் அமைத்தது. அவை எல்லாவற்றிலும் மிகச் சிறியதையே அது எடுத்துக்கொள்ளும். அத்தோடு விளிம்பில் உள்ள அளவை உட்பகுதிக்கும் பரப்பும் வழக்கம் அதற்கு உண்டு. ஆகவே புலத்தை மட்டும் நம்பி வேலை செய்யும்போது மற்றைய மூன்றையும் அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால், 'நான் 5 என்று எழுதியிருக்க ஏன் எங்கும் சிறிதாக வருகிறது' என்று ஒரு மாலைப் பொழுது முழுவதும் தேட நேரிடும். முடிந்தால் நான்கு கணு நான்முகியைக் கைவிட்டுப் பத்துக் கணு நான்முகிக்கு மாறுங்கள். அதற்குள் தகைப்பு சரிந்து மாற முடியும் என்பதால், 2 மில்லிமீற்றரிலேயே 1 மில்லிமீற்றர் எளிய மூலகத்தை விட நல்ல விடை தரும்.

துளையின் வட்ட வடிவத்தையும் மறக்க வேண்டாம். வட்டத்தை எட்டு நேர்கோடுகளால் வரைந்தால் ஒவ்வொரு கோட்டின் நடுவும் உண்மை விளிம்பிலிருந்து 0.76 மில்லிமீற்றர் விலகி நிற்கும். 32 கோடுகளானால் அவ்விலகல் 0.05 மில்லிமீற்றருக்கும் குறைவு. எட்டுக் கோடு வட்டத்தில் தகைப்பைத் தேடுபவர் துளையின் தகைப்பைத் தேடவில்லை, ஓர் எண்கோணியின் தகைப்பையே தேடுகிறார்.

கேள்வி: மென்பொருள் எல்லா மூலகங்களையும் பச்சை நிறத்தில் காட்டி, தரம் நன்று என்கிறது. அப்படியானால் கண்ணிவலை சரிதானே?
வாசகர், மானிப்பாய்

பதில்: அந்தப் பச்சை நிறம் மூலகத்தின் வடிவத்தை மட்டுமே சொல்கிறது: கோணங்கள் மிகக் கூர்மையாக இல்லை, பக்கங்கள் அளவுக்கு மீறி நீளவில்லை, முகங்கள் முறுகவில்லை. அளவு போதுமா என்பதை அது அறியாது, ஏனெனில் நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. மேலே மாணவி வைத்த 5 மில்லிமீற்றர் மூலகங்களும் பச்சையாகவே இருந்திருக்கும்.

கேள்வி: நான் குடிசார் பொறியியலாளர். 3 மீற்றர் ஆரையும் 200 மில்லிமீற்றர் சுவர்த் தடிப்பும் கொண்ட வட்டமான கொங்கிறீற்றுத் தண்ணீர்த் தாங்கி ஒன்றைக் கணிக்கிறேன். உயரம் 4 மீற்றர் ஆகையால், அரை மீற்றர் மூலகங்கள் எட்டு அடுக்காக வைத்தால் தாராளம் என்று உடன் பணிபுரிபவர் சொல்கிறார். உடன்படுகிறீர்களா?
வாசகர், சாவகச்சேரி

பதில்: உடன்படவில்லை. அவர் அளவை உயரத்தோடு ஒப்பிடுகிறார். சுவர் தரையோடு இறுக்கமாக இணையும் இடத்தில் எழும் வளைவுத் திருப்பம் (சுவரை வளைக்க முயலும் திருப்பு விளைவு), ஆரையையும் தடிப்பையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் நீளத்தைப் பொறுத்தே தணிகிறது. உங்கள் தாங்கியில் 3 ஐ 0.2 ஆல் பெருக்க 0.6, அதன் வர்க்கமூலம் 0.77 மீற்றர். கொங்கிறீற்றின் புவசோன் விகிதம் (ஒரு திசையில் நீளும்போது குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்பது) 0.2 என்று கொண்டால், வட்டச் சுவரின் கொள்கைப்படி ஒவ்வொரு 0.6 மீற்றருக்கும் திருப்பம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்களவுக்குச் சுருங்கி, தரையிலிருந்து 1.9 மீற்றர் போவதற்குள் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அரை மீற்றர் மூலகமென்றால், திருப்பம் மிகக் கூடிய அந்த முதல் 0.6 மீற்றருக்குள் ஒரேயொரு மூலகமே இருக்கும். அடியிலிருந்து ஒரு மீற்றர் உயரம் வரை 100 மில்லிமீற்றர் வையுங்கள். மேலே போகப் போக 300, 400 வரை பெருக்கலாம். ஓட்டு மூலகங்களை (சுவரைத் தடிப்பற்ற பரப்பாக வரைபவை) விட்டுத் திண்ம மூலகங்களைப் பயன்படுத்துவீர்களாயின் தடிப்பின் குறுக்கே ஒன்று மட்டும் வைப்பது பெரும் பிழை. எளிய திண்ம மூலகம் வளைவதற்கு மறுத்து, சுவர் உண்மையை விட விறைப்பானது போலக் காட்டும்; விளிம்புகளின் நடுவிலும் கணு உள்ள இருபடி மூலகங்களாயின் குறுக்கே குறைந்தது இரண்டு வேண்டும்.

கொங்கிறீற்றுச் சுவர்களும் தண்ணீரின் அழுத்தமும் சந்திக்கும் கணக்குகளில் இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நோர்வேயில் ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய் மேடையின் கொங்கிறீற்று அடித்தளம், 1991 ஆகஸ்ட் 23 ஆம் திகதி, ஸ்ராவங்கர் நகருக்கு அண்மையிலுள்ள கான்ஸ்ஃபியோர்ட் குடாவில் பரிசோதனைக்காகத் தாழ்த்தப்பட்டுக்கொண்டிருந்தபோது சுவர் வெடித்து மூழ்கியது. அடியில் மோதியபோது 3.0 றிக்ரர் அளவில் நில அதிர்வு பதிவானது. இழப்பு ஏறத்தாழ 70 கோடி டொலர். வட்டச் சிலிண்டர்கள் மூன்று சந்திக்கும் இடுக்கிலுள்ள முக்கோண அறைகளின் சுவரில் கண்ணிவலை பருமட்டாகவும், மூலகங்கள் சரிந்த வடிவிலும் இருந்தமையால், வெட்டுத் தகைப்பு 47 வீதம் குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தது என்று விசாரணையில் தெரியவந்தது. அந்த மூலையில் கம்பிகளின் நங்கூரமும் போதியதாக இருக்கவில்லை. பின்னர் நுணுக்கமான கண்ணிவலையில் மீண்டும் கணித்தபோது 62 மீற்றர் ஆழத்தில் சுவர் வெடிக்கும் என்று வந்தது. உண்மையில் வெடித்தது 65 மீற்றரில். மென்பொருளும் கொள்கையும் அன்றே சரியாகத்தான் இருந்தன. அந்த ஓர் இடுக்கில் மூலகங்கள் போதவில்லை.

உங்கள் அறிக்கையில், சுவரடித் திருப்பத்தை 200, 100, 50 மில்லிமீற்றர் ஆகிய மூன்று அளவுகளில் ஒரு சிறிய அட்டவணையாகச் சேருங்கள். அதைச் செய்ய ஒரு பிற்பகல் போதும். அதைப் பார்க்கும் எவரும் உங்கள் கணிப்பின் நம்பகத்தை உங்களைக் கேளாமலேயே அறிந்துகொள்வார்.

கேள்வி: வீதியோர இரும்புத் தடுப்புக் கம்பத்தில் வாகனம் மோதுவதைக் கணிக்கிறேன். மோதல் ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்குதான். மூலகங்களின் எண்ணிக்கையும் அதிகமில்லை. ஆயினும் நாட்கணக்கில் ஓடுகிறது. ஏன்?
வாசகர், பருத்தித்துறை

பதில்: உங்கள் கண்ணிவலையில் எங்கோ ஒரு மிகச் சிறிய மூலகம் ஒளிந்திருக்கிறது என்பதே என் ஊகம். இவ்வகைக் கணிப்பு மோதலைச் சிறு சிறு நேரப்படிகளாகப் பிரித்து முன்னேறுகிறது; ஒவ்வொரு நேரப்படியும், ஒலி ஒரு மூலகத்தைக் கடக்க எடுக்கும் நேரத்தை விடக் கூடியதாக இருக்கக் கூடாது. 1928 இல் கூரண்ட், ஃபிறீட்றிக்ஸ், லூயி ஆகிய மூவரும் வகுத்த நிபந்தனையின் பொருள் இதுவே. உருக்கில் ஒலி செக்கனுக்குச் சுமார் 5000 மீற்றர் செல்கிறது. ஆகையால் 1 மில்லிமீற்றர் மூலகத்துக்கு நேரப்படி 0.2 மைக்ரோசெக்கன், உங்கள் மோதலுக்கு 5 இலட்சம் படிகள். 0.05 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரேயொரு சீவல் மூலகம் இருந்தாலும் அது எல்லாரையும் தன் வேகத்துக்கு இழுத்துவிடும். படிகள் 1 கோடியாகும்.

இத்தகைய சீவல்கள் பெரும்பாலும் வரைபடத்திலிருந்தே வருகின்றன. போல்ற் துளையின் விளிம்பும் தகட்டின் விளிம்பும் ஒரு நூலிழையால் தவறி நிற்கும் இடம், இரண்டு வளைவுகள் சந்தித்து மயிர் போன்ற முகமொன்றை விட்டுச் செல்லும் இடம், வேறொரு மென்பொருளிலிருந்து மாற்றும்போது பிளந்துபோன விளிம்பு ஆகியவற்றைத் தேடுங்கள். கணிப்பைத் தொடங்குவதற்கு முன்னரே மூலகங்களை அளவுப்படி வரிசைப்படுத்தி, மிகச் சிறிய பத்தையும் திரையில் காட்டச் சொல்லுங்கள். அவை மோதல் விழும் இடத்துக்கு அப்பால், எவரும் பார்க்காத ஒரு மூலையில் கிடந்தால், அங்குள்ள சிறு முகங்களை அருகிலுள்ளவற்றோடு இணைத்துவிட்டு மீண்டும் கண்ணிவலை இடுங்கள்.